வாடைக்காத்து நேரத்துல ராமேஸ்வரம் பக்கம் வண்டி ஓட்ட வர்றீங்களா, இதைப் படிச்சுட்டு கிளம்புங்க

ஐப்பசி பொறந்தா எங்க பக்கம் வாடை இறங்கிரும், தை வரைக்கும் விடாது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உறைபனி எல்லாம் இங்க கிடையாதுங்கிறதால வெளியூர்ல இருந்து வர்றவங்க இந்த ரோட்டை ரொம்ப லேசா எடுத்துக்கிறாங்க. நேர் ரோடு, ஏத்த இறக்கம் இல்ல, நூறுல அழுத்தலாம்னு நெனைப்பு. இங்க வண்டியைச் சாய்க்கிறது காத்தும் தண்ணியும் மணலும்தான், மூணும் ஒரே நாள்ல வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி டயர் பட்டன் எவ்வளவு ஆழம் இருக்குன்னு பாருங்க. காருக்கு 1.6 மி.மீ.ங்கிறது சட்டத்துக்கு, மழைக்கு 3 மி.மீ.யாவது இருந்தாதான் தண்ணியைத் தள்ளிட்டு ரோட்டைப் பிடிக்கும். வைப்பர் ரப்பர் கோடை வெயில்ல காஞ்சு விறைச்சுப் போயிருக்கும், தீபாவளிக்கு முன்னாடியே மாத்திருங்க. அப்புறம் பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியிருக்காங்களான்னு செய்தில பாருங்க. ஒண்ணாம் நம்பர்னா புயல் தூரத்துல இருக்கு, மூணாம் நம்பர்னா திடீர்னு காத்தோட மழை அடிக்கும்னு அர்த்தம், மூணு ஏறிட்டா பைக்ல வர்ற திட்டத்தைத் தள்ளி வச்சிருங்க, சாமி எங்கயும் போயிராது. 2024 நவம்பர் 20 அன்னிக்கு ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, அந்த மாதிரி மழைக்கு எந்த வண்டியும் தாங்காது.

இப்ப பாம்பன் கடல் பாலம். 1988ல திறந்த இந்திரா காந்தி பாலம் ரெண்டு கி.மீ.க்கு மேல நீளம், படகு கீழ போகணும்னு நடுவுல உசந்திருக்கும், அந்த உச்சியிலதான் காத்து முழுசா அடிக்கும். மண்டபம் ஊர் வரைக்கும் வீடும் மரமும் மறைச்சுட்டு இருக்கும், பாலத்துல ஏறுனதும் மறைப்பு போயிரும், சட்டுனு ஒரு தள்ளு விழும். வாடை வடகடல்ல இருந்து வர்றதால ராமேஸ்வரம் போறப்ப இடது பக்கம் அடிக்கும், திரும்பி வர்றப்ப வலது பக்கம். ஏறுறதுக்கு முன்னாடியே நாப்பதுக்கு இறக்கிருங்க, ஏறுன பிறகு பிரேக் அடிச்சுக் குறைக்கப் பாக்காதீங்க. காத்து வேகம் ரெட்டிப்பானா அது தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும், அதனால "அப்ப பரவால்லாம இருந்துச்சே"ங்கிற கணக்கு இங்க செல்லாது. பக்கத்துல இருக்கிற பழைய ரயில் பாலத்துல ரயில் ஓடிட்டு இருந்தப்ப காத்து மணிக்கு 58 கி.மீ. தாண்டுனா ரயிலையே நிறுத்திட்டு இருந்தாங்க, அவ்வளவு கனமான ரயிலுக்கே அந்த நிலைமைன்னா பைக் எம்மாத்திரம்.

பைக்காரங்க ரொம்ப கவனிக்க வேண்டியது எதிர்ல வர்ற பஸ். பஸ் பக்கத்துல வர்றப்ப அது கிளப்புற காத்து ஒரு பக்கம் தள்ளும், வலது பக்கத்துல இருந்து வாடை அடிக்கிறப்பன்னா ஒரு நொடி அந்தப் பஸ்ஸே மறைச்சுக்கும், ஹேண்டில் லேசாயிரும், பஸ் தாண்டுன அடுத்த நொடி வாடை மறுபடி மொத்தமா அறையும், அப்பதான் நிறைய பேர் பதறி ஹேண்டிலை வெட்டுறாங்க. வெட்டாதீங்க. முழங்காலால டேங்கை இறுக்கிப் பிடிச்சுட்டு கையைத் தளர்வா வச்சு லேசா காத்துப் பக்கம் சாஞ்சு போங்க. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓட்டாம உங்க லேன் நடுவுல போங்க, தள்ளுனா சமாளிக்க இடம் வேணும்ல. பாலத்துல குறுக்க வர்ற இணைப்பு இரும்புப் பட்டை நனைஞ்சா வழுக்கும், அது மேல பிரேக்கும் வேணாம், திருப்பவும் வேணாம், நேரா ஏறி இறங்குங்க. பின்னாடி உக்காந்திருக்கிறவங்க சேலை, துப்பட்டாவை இறுக்கி முடிஞ்சுக்கணும், படபடன்னு பறக்குற ரெயின்கோட்டும் ஆபத்துதான். வேன்ல வர்ற சாமிமாருங்க வண்டிக் கூரை மேல மூட்டை முடிச்சு ஏத்தாதீங்க, காத்து அதைத்தான் பிடிக்கும். 2025ல திறந்த புது ரயில் பாலத்தைப் பாக்கணும்னு நடுப்பாலத்துல வண்டியை நிறுத்துறது தயவுசெஞ்சு வேணாம், உச்சிக்கு அந்தப் பக்கம் நிக்கிற வண்டி ஏறி வர்றவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

தண்ணி விஷயத்துக்கு வர்றேன். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலைல கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சா தரைப்பாலத்து மேல தண்ணி ஓடும். ஓடுற தண்ணி முழங்காலுக்குக் கீழ இருந்தாலும் சின்ன காரைத் தூக்கிரும், அடியில ரோடு அரிச்சுப் போயிருந்தா மேல இருந்து தெரியாது. ஊர்க்காரங்க நின்னு பாத்துட்டு இருந்தா நீங்களும் நில்லுங்க. தேங்கி நிக்கிற கொஞ்ச தண்ணின்னா ஃபர்ஸ்ட் கியர்ல ஆக்சிலேட்டரை விடாம மெதுவா போங்க, நடுவுல இன்ஜின் நின்னுட்டா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, உள்ள தண்ணி ஏறியிருந்தா இன்ஜினே போயிரும், இறங்கித் தள்ளுங்க. வெளிய வந்ததும் பிரேக்கை ரெண்டு மூணு தடவை லேசா அழுத்திக் காய விடணும். வேகமா போறப்ப தண்ணி மேல வண்டி மிதக்குற மாதிரி ஸ்டியரிங் லேசானா பிரேக் தொடாம ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்க, தானா பிடிச்சுக்கும்.

ராத்திரி ஆடு மாடு ரோட்டுலதான் படுத்திருக்கும், காட்டுல ஈரம், தார் ரோடுதான் அதுங்களுக்குக் கதகதப்பு. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மறைக்கிறதால வளைவுல தெரியவும் செய்யாது. மார்கழி விடியக்காலைல பரமக்குடி பக்கம் பனிமூட்டம் இருந்தா ஹை பீம் போடாதீங்க, வெளிச்சம் பனில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும், லோ பீம் போதும். சபரிமலை முடிச்சு ராத்திரி முழுக்க ஓட்டி வர்ற டிரைவர் அண்ணன்மாருங்க விடியறதுக்கு முன்னாடி எங்கயாவது ஒரு மணி நேரம் படுத்துட்டு வாங்க, தீர்த்தமாடக் கூட்டிட்டு வர்ற குடும்பம் மொத்தமும் உங்க கண்ணை நம்பித்தான் பின்னாடி தூங்குது.

தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரைக்கும் இப்ப தார் ரோடு இருக்கு, ஆனா வாடைல மணல் ரோட்டு மேல ஏறி மெல்லிசா பரவிக் கிடக்கும், பாத்தா ஒண்ணுமே தெரியாது, பைக் அதுல பிரேக் அடிச்சா வழுக்கி விழும். ஓரத்துல இறக்கி நிறுத்தாதீங்க, சக்கரம் புதைஞ்சிரும். புதைஞ்சா ஆக்சிலேட்டரை முறுக்காம டயர் காத்தைக் கொஞ்சம் குறைச்சு, சக்கரத்துக்கு அடியில கால்மிதியைப் போட்டு மெதுவா எடுங்க, பிறகு மறக்காம காத்தடிச்சுக்கோங்க. போலீஸ் தடுத்தா வாக்குவாதம் பண்ணாம திரும்பிருங்க, அலை ரோட்டுக்கே வர்ற நாள்லதான் தடுக்கிறாங்க.

அடிபட்டா 108, வெள்ளம் புயல்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. ஊர் போய்ச் சேர்ந்ததும் வண்டிக்கு அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க, பிரேக், செயின், சைலன்ஸர் எல்லாத்துலயும் உப்பு ஏறியிருக்கும், விட்டா அடுத்த மழைக்குள்ள துரு பிடிச்சிரும்.