அசிடிட்டி மாத்திரைய எப்போ போடணும், எப்படி போடணும்

நெஞ்சு எரியுதுன்னு ஒரு மாத்திரைய போட்டுட்டு அரைமணி நேரத்துல கேக்கலன்னா இன்னொண்ணையும் சேர்த்து முழுங்குறவங்க நிறைய பேர். அனேகமா மாத்திரை மேல தப்பு இருக்காது, போட்ட நேரம்தான் தப்பா இருக்கும்.

பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். வயித்துல அமிலத்த சுரக்க வைக்கிற பம்ப் இருக்குல்ல, அதையே இது அடைச்சிடும், ஆனா ஓடிக்கிட்டிருக்குற பம்பைத்தான் அடைக்க முடியும், அது நல்லா ஓடுறது நாம சாப்பிடும்போதுதான். அதனால காலைல வெறும் வயித்துல போட்டுட்டு அரைமணி நேரத்துலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும். சாப்பிட்டு முடிச்சிட்டு போட்டா பாதி வீண். போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் பட்டினி கிடந்தாலும் அதே கதைதான். முழு பலன் தெரிய மூணு நாலு நாள் ஆகும், அவசரத்துக்கு உதவாது. கடிக்காம, பொடி பண்ணாம முழுசா முழுங்கணும், ஏன்னா வயித்து அமிலத்துல கரைஞ்சு போகாம இருக்கத்தான் மேல கோட்டிங்கே போட்டிருக்காங்க.

இப்பவே எரியுதே என்ன பண்றதுன்னா அதுக்குத்தான் ஆன்டாசிட் சிரப். சில நிமிஷத்துல அடங்கும், ஆனா ரொம்ப நேரம் நிக்காது. அதுல இருக்குற மக்னீசியம் வயித்த இளக்கும், அலுமினியம் மலச்சிக்கல் பண்ணும், அதான் ரெண்டையும் கலந்தே தர்றாங்க. வேற மாத்திரையோட சேர்த்து குடிக்காதீங்க, இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குக்கு ரெண்டு மணி நேரமாவது, தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடணும். கிட்னி பிரச்சனை இருக்குறவங்க டாக்டர கேக்காம இத தொடவே வேணாம்.

ஃபமோடிடின் ரெண்டுக்கும் நடுவுல, ஒரு மணி நேரத்துல வேலைய ஆரம்பிக்கும், ராத்திரி எரிச்சலுக்கு நல்லாவே கேக்கும், ஆனா தினமும் போட்டா உடம்பு பழகிடும். சுக்ரல்ஃபேட் அமிலத்த குறைக்காது, புண்ணு மேல படிஞ்சு மூடிக்கும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெறும் வயித்துல.

நிஜமாவே அல்சர்னா அமிலத்த மட்டும் குறைச்சா போதாது. பெரும்பாலும் காரணம் ரெண்டு தான், ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற பாக்டீரியா, இல்லன்னா வலி மாத்திரை. காரமும் டென்ஷனும்தான் காரணம்னு ரொம்ப நாள் எல்லாரும் நம்பிட்டிருந்தாங்க. ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷலும் ராபின் வாரனும் பாக்டீரியான்னு சொன்னப்போ நம்ப ஆளில்லாம 1984ல மார்ஷல் அந்த கிருமிய தானே குடிச்சு வயித்த கெடுத்துக்கிட்டாரு, 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுது. மூச்சு டெஸ்ட், மல டெஸ்ட், எண்டோஸ்கோப்பில இந்த கிருமிய கண்டுபிடிக்கலாம். மூச்சு, மல டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ப்ரசோல் மாத்திரைய நிறுத்தச் சொல்லுவாங்க, நிறுத்தலன்னா கிருமி இருந்தும் இல்லன்னு ரிசல்ட் வரலாம். இருந்தா ப்ரசோலோட ரெண்டு மூணு ஆன்டிபயாடிக், வழக்கமா 14 நாள். வாய் கசக்கும், வயித்த புரட்டும், அஞ்சாவது நாளே வலி போயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, மிச்சமிருக்குற கிருமி அடுத்த தடவை அந்த மருந்துக்கே அடங்காது. முடிச்சு ஒரு மாசம் கழிச்சு போயிடுச்சான்னு திரும்ப டெஸ்ட் பண்ணணும், இத நிறைய பேர் பண்றதே இல்ல.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போடுறவங்களா இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க, வலிக்கு பாரசிட்டமால் போதுமான்னும் கேளுங்க. ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் போடுறவங்க மட்டும் டாக்டர கேக்காம தாங்களாவே நிறுத்தக்கூடாது. ரத்தம் கட்டாம இருக்க குளோபிடோக்ரெல் போடுறவங்களுக்கு ஒமிப்ரசோல் சரிப்படாது, வேற மாத்தி தருவாங்க.

மாசக்கணக்கா ப்ரசோல் போட்டுட்டு திடீர்னு நிறுத்துனா முன்னவிட மோசமா எரியும், அது நோய் திரும்புனதா இருக்கணும்னு இல்ல, அடைபட்டிருந்த சுரப்பு கொஞ்ச நாள் அதிகமா வரும், அவ்ளோதான். டாக்டர கேட்டு டோஸ படிப்படியா குறைங்க. வருஷக்கணக்கா ஓடுதுன்னா பி12, மக்னீசியம் பாக்கணுமான்னும் கேளுங்க.

மலம் தார் மாதிரி கறுப்பா பிசுபிசுன்னு போனா, வாந்தில ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்தா, முழுங்க கஷ்டமா இருந்தா, காரணமில்லாம எடை குறைஞ்சா மாத்திரைய மாத்தி மாத்தி பாத்துட்டு இருக்காதீங்க. நெஞ்சு இறுக்கி பிடிச்சு வேர்த்து கொட்டி கைக்கோ தாடைக்கோ வலி பரவுச்சுன்னா கேஸ்தான்னு சிரப்ப தேடாம நேரா எமர்ஜென்சிக்கு போங்க.