கிருஷ்ண ஜெயந்தி: வெடிக்காத சீடை, உள்ளே வரும் பாதம்

கிருஷ்ண ஜெயந்திக்கு மலேசியாவில் பொது விடுமுறை கிடையாது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்திலோ ஃபேக்டரியிலோ ஷிப்ட் பார்ப்பவர்கள் அன்றைக்கே எல்லாப் பலகாரத்தையும் சுட நினைக்க வேண்டாம். உப்புச் சீடையை முந்தின ஞாயிற்றுக்கிழமையே சுட்டு, நன்றாக ஆறியபின் டின்னில் இறுக மூடி வையுங்கள்.

நாள் பார்ப்பதில் ஒரு கவனம். கண்ணன் பிறந்தது தேய்பிறை அஷ்டமி நடுநிசியில் (ரோகிணியைப் பார்க்கும் குடும்பங்களும் உண்டு). இந்தியப் பஞ்சாங்கத்தில் இருக்கும் நேரத்தோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். அங்கே இரவு 10.30க்கு அஷ்டமி பிறந்தால் நமக்கு 1 மணி. அன்றைய நடுநிசி தாண்டியிருக்கும், அதனால் நமக்கு நாள் மாறலாம்.

இனி சீடை. பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்புங்கள். மழைக்காலத்தில் ஃபேன் போட வேண்டும். கையில் ஒட்டாமல் லேசான ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலித்து, வெறும் சட்டியில் வறுங்கள். மாவைக் கிள்ளி இழுத்தால் கோலம் போல இழை விழ வேண்டும். நிறம் மாறக் கூடாது. மறுபடி சலியுங்கள். 2 கப் மாவுக்கு வறுத்து அரைத்த உளுத்தமாவு 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, எள் 1 தேக்கரண்டி, பெருங்காயம். தேங்காய்ப்பூ போடுவதானால் ஈரம் போக வறுத்தே போடுங்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள்.

சீடை வெடிப்பது உள்ளே அடைபட்ட நீராவியால்தான். கட்டி, குருணை, கரையாத உப்புக்கல், எள்ளில் கிடக்கும் மண் எல்லாம் அதற்கு வழி செய்யும். அழுத்தி வழவழவென்று உருட்டினால் மேல்தோல் இறுகி ஆவி வெளியேற முடியாது. அதனால் விரிசல் தெரிந்தாலும் பரவாயில்லை, பட்டும் படாமல் உருட்டித் துணியில் 20 நிமிடம் உலரவிடுங்கள். முதலில் இரண்டை மட்டும் எண்ணெயில் போட்டு, மூடியைக் கையில் பிடித்துத் தள்ளி நில்லுங்கள். அவை வெடிக்காவிட்டால் மீதியைப் போடலாம். நடுத்தரத் தீயே போதும்; சலசலப்பு அடங்கியதும் எடுங்கள்.

கண்ணன் பாதக் கோலத்துக்கு ஊறவைத்த பச்சரிசியை நைஸாக அரைத்துத் தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரையுங்கள். பாதம் வாசலிலிருந்து சாமி அறைக்குப் போவது போல இருக்க வேண்டும். ஆனால் போடுகிறவர் சாமியைப் பார்த்தபடி உள்ளிருந்து தொடங்கி வாசல் நோக்கிப் பின்னால் நகர வேண்டும். அப்போதுதான் ஈரக்கோலத்தை மிதிக்க மாட்டார். மூடிய கையின் சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துப் பதியுங்கள். வலக்கையில் வலது பாதம், இடக்கையில் இடது பாதம் வரும். பதிந்த அச்சின் குழிவான பக்கத்தில்தான் பாதத்தின் கட்டைவிரலை வைக்க வேண்டும். பலர் மாற்றிவிடுவது இங்கேதான். பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சிமெண்டுத் தரை மாவை உறிஞ்சிக்கொள்ளும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு டைல்ஸ் வழுக்கும், ஓரமாகப் போடுங்கள்.

படையலுக்கு அவல், பால், தயிர், சுக்கும் வெல்லமும், துளசி. வெண்ணெயைக் கடையில் வாங்கினால் உப்புப் போடாததா என்று பார்த்து வாங்குங்கள்.