நல்ல செடியை விதைக்கு விடுங்கள்

பருவம் முடியும்போதெல்லாம் எங்கள் தோட்டக் குழுவில் ஒரே காட்சிதான். செடிகள் பழுத்துச் சரிந்து கிடக்கும். அடியில் சொத்தையும் சூம்பலுமாக நாலு காய் தொங்கும். "இதை விதைக்கு விட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். பத்து வருஷமாக இந்தக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் மூன்று வருஷம் அதைச் சொன்னவனே நான்தான். நல்லதையெல்லாம் பறித்துவிட்டு, நோயோடு இழுத்துக்கொண்டிருந்த செடியின் கடைசிக் காயை விதையாக்கினேன். அடுத்த தடவை காய்ப்பு குறைந்ததும் மண்ணைத் திட்டினேன்.

இப்போது செடி நன்றாகக் காய்க்கும்போதே விதைக்கு ஒதுக்கிவிடுகிறேன். பார்க்க வேண்டியது காயை அல்ல, செடியை. நோஞ்சான் செடியில் ஒரு காய் மட்டும் பெரிதாக இருந்தால் அதில் மயங்க வேண்டாம். பூச்சிக்கு அசராமல், சீராகக் காய்க்கும் செடியைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு மூன்று காய்க்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வையுங்கள். நூலோடு சேர்த்துப் பறித்துக்கொண்டு வந்து நீட்டியவர்கள் என் வீட்டிலேயே உண்டு.

இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட் செடியின் விதையை நம்பாதீர்கள். முளைக்கும், காய்க்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரியே வராது. தக்காளி, அவரை, பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் புதியவர்கள் இவற்றில் தொடங்கலாம். மிளகாயில் கவனம் தேவை. ஒரு வருஷம் குடைமிளகாய்க்குப் பக்கத்துப் பாத்தியிலேயே கார மிளகாய் வைத்திருந்தேன். தேனீக்கள் தங்கள் வேலையைப் பார்த்திருக்கின்றன. அந்தக் குடைமிளகாய் விதையைப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தேன். சிலருக்கு ஒல்லியாக, நாக்கைச் சுடும் காய் வந்தது. இன்றைக்கும் நான் பொட்டலம் நீட்டினால் "காரமா, சாதாவா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, தக்காளிக்கு வருவோம். விதையைச் சுற்றி வழவழப்பாக ஒரு உறை இருக்கும். பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். விதைக்கு எடுக்கும்போது அதைப் புளிக்க வைத்து நீக்க வேண்டும். நன்றாகக் கனிந்த பழத்தை அறுத்து, விதையைச் சாறோடு கண்ணாடிக் குவளையில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணியால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே வெள்ளை ஆடை படரும். நாற்றமும் வரும், அதனால் சமையலறையில் வைக்காதீர்கள். வெயில் காலமென்றால் இரண்டு நாளே போதும். அதற்கு மேல் விட்டால் குவளையிலேயே முளை விட்டுவிடும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். நல்ல விதை அடியில் தங்கும், பதரும் சக்கையும் மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, வடிகட்டியில் அலசி, பீங்கான் தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்ட வேண்டியதுதான். நிழலில் காயக் காய விதையின் மேல் பூனை முடிபோல மெல்லிய ரோமம் எழும்பும்.

மற்றவை எளிது. அவரையும் பீன்ஸும் கொடியிலேயே நெற்றாகி, ஆட்டினால் கலகலக்க வேண்டும். வெண்டை காய்ந்து வரிவரியாக வெடிக்க வேண்டும். கத்தரி நிறம் மாறி மஞ்சளாகும் வரை பறிக்காதீர்கள்.

விதை கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். விதையில் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகம் மைனஸ் 18 டிகிரியில் இருப்பதும் இதனால்தான். நமக்குக் காற்றுப் புகாத பாட்டிலும் ஃப்ரிட்ஜும் போதும். ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். அவரை விதையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தாலும் உள்ளே வியர்த்துவிடும். குளிர்ச்சி போகும் வரை காத்திருங்கள்.

பொட்டலத்தின் மேல் ரகத்தின் பெயர், எடுத்த தேதி இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள். விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். எட்டு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். ஐந்தென்றால் நெருக்கமாகப் போடுங்கள். அதற்கும் கீழென்றால் உரக்குழிக்குத்தான். தக்காளி விதை நாலைந்து வருஷம் தாங்கும், வெங்காயம் ஒரு வருஷத்திலேயே சோர்ந்துவிடும்.

போன வாரம் எங்கள் விதைப் பெட்டியிலிருந்த வெங்காய விதையைச் சோதித்தோம். பத்துக்கு மூன்றுதான் முளைத்தது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். தேதியே இல்லை, கையெழுத்து மட்டும் என்னுடையது.