குடைச்சலை எப்படி வரைவது?

"வலி பத்துக்கு எவ்வளவு?" என்று மருத்துவர் கேட்கும்போதெல்லாம் "ஏழு" என்றே சொல்லி வந்தேன். இடுப்பில் குடைவதும் ஏழுதான், தோள்பட்டையில் எரிவதும் ஏழுதான். உடம்பெங்கும் வலியும் அசதியும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா எனக்கு வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. இரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ அகப்படாத நோய் இது. உடம்புக்குள் நடப்பதை வீட்டாருக்குக்கூடக் காட்ட வழியில்லாமல் தவித்திருக்கிறேன். அந்தத் தவிப்பில்தான் வரையத் தொடங்கினேன். ஓவியப் பயிற்சி எதுவும் எனக்குக் கிடையாது, உங்களுக்கும் வேண்டியதில்லை.

வரைவதற்கு முன்னால் வலிக்குச் சரியான சொல்லைத் தேடுங்கள். தமிழில் அதற்குக் குறைவே இல்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல். விண்விண் என்று தெறிக்கிறது, சுளீர் என்று இழுக்கிறது, மரத்துப்போகிறது. (வலியைச் சொல்லும் சொற்களுக்கு மருத்துவத்திலும் மதிப்பு உண்டு. 1975இல் கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல் அத்தகைய சொற்களைக் கொண்டே அமைந்தது.) இன்றைக்கு உங்கள் உடம்புக்குப் பொருந்தும் ஒரே ஒரு சொல்லைத் தாளின் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லுக்குள்ளேயே கையின் அசைவு இருக்கிறது. குடைச்சல் என்றால் கை தானாகச் சுற்றும். என் வலது இடுப்பை வரைந்த நாளில், கரித்துண்டை ஒரே இடத்தில் வைத்து உள்நோக்கிச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். பதினைந்தாவது சுற்றிலோ என்னவோ தாள் மெலிந்து, நடுவில் கிழிந்தது. கரித்தூள் ஓட்டையைச் சுற்றி வளையமாகப் படிந்தது. அதைப் பார்த்த என் தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இது இப்பவும் சுத்துதா அக்கா?" என்று கேட்டாள். ஒன்பது ஆண்டுகளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

சுளீர் வலிக்குத் தாளின் விளிம்பைத் தாண்டி ஓடும் ஒரே வீச்சு போதும். கடுப்புக்குக் கரித்துண்டைப் படுக்கவைத்து மெல்லத் தேயுங்கள். பழகிய பிறகு, முகமில்லாத ஓர் உடம்பின் வெளிக்கோட்டை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தக் கோட்டைப் போடுங்கள். தேதியிடுங்கள். இப்படி வரைந்த மூன்று தாள்களை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அன்று அவர் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. இந்தச் சுழல் இரவில் வருமா, விடியற்காலையிலா என்று கேட்டார்.

அசதியை வரைவதுதான் கடினம். முதலில் படுத்திருக்கும் பெண்ணை வரைந்தேன். அது வேலை முடித்துக் களைத்தவளின் படமாக இருந்தது. பல்துலக்கியைத் தூக்கவே கை கனக்கும் என் அசதி அதில் இல்லை. பிறகு தாளை நன்றாக நனைத்து, ஒரு சொட்டு மையை விட்டுப் பார்த்தேன். ஓரம் எது, நடு எது என்று தெரியாமல் அது பரவி வெளிறிப்போனது. அதுதான் என் அசதி. இன்னொரு வழியும் உண்டு: ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே போய், கை எங்கே விழ விரும்புகிறதோ அங்கே விழவிடுங்கள். மிச்சத் தாளை வெறுமையாகவே விடுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். இன்னும் கொஞ்சம் வரையலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். ஒருமுறை ஆசையில் இரண்டு மணிநேரம் வரைந்துவிட்டு, மூன்று நாட்கள் தலைவாரக் கையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அளவு மீறியதன் விளைவு ஓரிரு நாள் கழித்துக்கூடத் தாக்கும்.

அழுத்தாமலே கறுப்பு தரும் 6பி பென்சில் அல்லது கரித்துண்டு நல்லது. பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரல் மூட்டுகளுக்கு இதம். உட்கார வேண்டிய கட்டாயமும் இல்லை. 1925இல் பஸ் விபத்தில் சிக்கிய மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ படுக்கையில் இருந்தபடியே வரைந்தார். அதற்கென்றே அவருடைய தாய் ஒரு சட்டகம் செய்வித்துக் கொடுத்தார். 1941இல் அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் தளர்ந்த பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், வண்ணம் தீட்டிய தாள்களைக் கத்தரித்துப் படங்களாக்கினார். கத்தரிக்கோல் வலித்தால் தாளைக் கையாலேயே கிழித்து ஒட்டுங்கள். கிழிந்த ஓரம் வலிக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

சில நாட்களில் வலியை உற்றுப் பார்ப்பதே வலியைக் கூட்டும். அன்று அதை விட்டுவிட்டு, உடம்பில் வலிக்காத இடம் ஒன்றைத் தேடி வரையுங்கள். போன வாரம் எனக்கு அப்படி ஒரு நாள். நெடுநேரம் தேடினேன். அந்தப் பக்கத்தில் தேதியும், சிறிதாக என் இடது காது மடலும் மட்டும் இருக்கின்றன.