மும்பையில் வாடகை கொடுத்த பிறகும் வாழலாம்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பைக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலர், முதல் மாதச் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போவதைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இது சம்பாதிக்கும் ஊர், வாழ்க்கையை அப்புறம் வேறெங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று. நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் மூன்று வருடம் அலுவலகமும் அறையுமாகவே போயிற்று. கடலைப் பார்க்க ஊரிலிருந்து யாராவது விருந்தாளி வரவேண்டும். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே விலை ஏறிக் கிடப்பது நாலு சுவருக்குத்தான். கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டால் கடல், மைதானம், ரயில், ஓவியக்கூடம், காடு என்று காசே கேட்காதவையும் கொஞ்சம் மட்டும் கேட்பவையும் நிறைய உண்டு. அவற்றை நாம் தவறவிடுவதற்குப் பெரும்பாலும் நேரத்தையும் தூரத்தையும் தப்பாகக் கணக்குப் போடுவதுதான் காரணம்.

வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிப்பது

எல்லாத் தவறுகளுக்கும் மூலத் தவறு இது. மும்பை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஊர். மேற்கு ரயில்பாதையில் சர்ச்கேட்டிலிருந்து விரார் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மத்திய பாதையில் சிஎஸ்எம்டி எனப்படும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து கல்யாண் வரை 50 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே போகப் போக வாடகை குறையும். உடனே டோம்பிவிலியிலோ வசாயிலோ வீடு பார்த்து, பத்தாயிரம் மிச்சம் என்று சந்தோஷப்படுவோம்.

அந்தப் பத்தாயிரத்தை எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்று பாருங்கள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு இரண்டரை மணி. மாதம் 25 வேலை நாளுக்கு 62 மணி நேரத்துக்கு மேல். அதுவும் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் நேரமா என்றால் இல்லை, நெரிசலில் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம். வீடு வந்து சேர்ந்தால் படுக்கத்தான் தோன்றும். சனிக்கிழமை வந்தாலும் மறுபடி ரயில் ஏற உடம்பு ஒப்பாது.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு வேறு வழியில்லாமல் போகலாம், அது எனக்கும் தெரியும். ஆனால் தனி ஆளாக வருபவர்கள் முதல் பதினொரு மாதமாவது அலுவலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து இருங்கள். அறை சின்னதாக இருந்தால் பரவாயில்லை. பதினொரு மாதம் என்று சொல்லக் காரணம், இங்கே வழக்கமான ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்ற வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குத்தான் போடுவார்கள். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது மகாராஷ்டிராவில் சட்டம், வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு விட்டுவிடாதீர்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை, அதற்கு மேல் முன்பணம். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் முதல் வருடத்து வாடகையைக் கணக்கிட வேண்டும்.

எவ்வளவு தூரம் என்பதைவிட எந்தப் பாதை என்பதுதான் முக்கியம். அலுவலகமும் வீடும் ஒரே ரயில்பாதையில் இருந்தால் நிம்மதி. இரண்டு பாதையும் சந்திக்கும் தாதரில் இறங்கி மாறுவது வரைபடத்தில் ஒரு புள்ளிதான். மாலை ஏழு மணிக்கு அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். முன்பெல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே போவது பெரும்பாடு. 2014இல் வெர்சோவா–காட்கோபர் மெட்ரோ வந்தபின் நிலைமை மாறியது. 2025 அக்டோபரில் ஆரே காலனியிலிருந்து கஃப் பரேட் வரை சுரங்க மெட்ரோ முழுவதுமாக ஓடத் தொடங்கியது. பழைய ஆட்கள் சொல்லும் ‘அந்த ஏரியா வேண்டாம், போக்குவரத்து இல்லை’ என்ற அறிவுரையை இப்போதைய மெட்ரோ வரைபடத்தோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாஸை ஆபீஸுக்கு மட்டும் பயன்படுத்துவது

லோக்கல் ரயிலில் மாதப் பாஸ் எடுத்தால், அந்தப் பாஸில் உள்ள இரண்டு நிலையங்களுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். அந்தேரி–சர்ச்கேட் பாஸ் வைத்திருப்பவருக்கு மெரைன் லைன்ஸில் இறங்கிக் கடலைப் பார்ப்பதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. பாந்த்ரா, மாஹிம், தாதர் எல்லாம் அப்படித்தான். இது தெரிந்தும் பலர் காலையில் ஏறி மாலையில் திரும்புவதோடு சரி.

வேலை லோயர் பரேலில் இருந்தால் பாஸை அதோடு நிறுத்தாமல் சர்ச்கேட் வரை எடுத்துவிடுங்கள் என்று என்னைக் கேட்பவர்களிடம் சொல்வேன். வித்தியாசம் சொற்பம். பிறகு வேலை முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் வடக்கே போகும்போது நீங்கள் தெற்கே ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும். மெரைன் டிரைவில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, நெரிசல் தணிந்த எட்டரை மணி வண்டியில் சர்ச்கேட்டிலேயே இடம் பிடித்துத் திரும்பலாம்.

‘எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திப்போடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். ஞாயிறு பகலில் தண்டவாளப் பராமரிப்புக்காக மெகா பிளாக் இருக்கும். வண்டிகள் குறையும், தாமதமாகும். போதாததற்கு ஊரே அன்றுதான் கிளம்பும்.

புதியவர்களுக்கு இன்னொன்று. நெரிசல் நேரத்தில் விரார் ஃபாஸ்ட்டில், அதாவது விரார் வரை போகும் வேக வண்டியில் ஏறி அந்தேரியிலோ போரிவிலியிலோ இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். நிற்கும் நிலையம்தான், ஆனால் உள்ளே இருக்கும் கூட்டம் கடைசி வரை போவது. வாசலுக்கு வந்து சேர்வதே கஷ்டம். போரிவிலிக்குப் போக போரிவிலி வண்டி.

கடலை மெரினா என்று நினைத்துக்கொள்வது

சென்னையில் கடல் காலை நேரத்துக்கு உரியது. சூரியன் தண்ணீரிலிருந்து எழும். இங்கே கடல் மேற்கே. மாலை ஐந்தே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தால் சூரியன் இறங்குவதையும், அப்புறம் மெரைன் டிரைவ் வளைவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதையும் பார்க்கலாம். திரும்பி எதிர்ப்பக்கத்துக் கட்டடங்களையும் பாருங்கள். வட்டமான பால்கனிகளோடு நிற்கும் அந்த ஆர்ட் டெக்கோ பாணி வீடுகள், ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களோடு சேர்ந்து, 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. இதே கடலைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க முந்நூறு ரூபாய்க்குக் காபி வாங்க வேண்டியதில்லை. சுவரில் உட்கார்ந்தால் காற்றும் சேர்த்துக் கிடைக்கும்.

ஆனால் கடல் ஏறுவதும் இறங்குவதும் தெரியாமல் போவது பெரிய தவறு. சென்னையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், யாரும் கவனிப்பதில்லை. மும்பையில் சில நாட்களில் அது நாலு மீட்டரைத் தாண்டும். நாலாவது ஐந்தாவது தடவை ஜூஹுவுக்குப் போனபோதுதான் எனக்கு இது உறைத்தது. முந்தைய வாரம் அகலமாகக் கிடந்த மணல் அன்றைக்கு இல்லை, தண்ணீர் சுவரோரம் வந்திருந்தது. மராத்தியில் ஏற்றத்துக்கு பர்த்தி, இறக்கத்துக்கு ஓஹோட்டி. இந்த இரண்டு சொல்லும் அன்றைய நேரமும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை கடல் நன்றாக ஏறும்போது முழுகிவிடும். நவம்பர் முதல் மே வரை சிவ்ரி பக்கம் சேற்றுநிலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும். அதற்கும் இதே கணக்குத்தான். முழு ஏற்றத்தில் சேறு மூடிப்போகும், பறவைகள் வேறிடம் போய்விடும். முழு இறக்கத்தில் அவை எங்கோ தூரத்தில் புள்ளியாகத் தெரியும். தண்ணீர் ஏறிவரும்போதோ வடியத் தொடங்கும்போதோ போனால் பக்கத்தில் பார்க்கலாம். ‘போனோம், ஒன்றுமே இல்லை’ என்று சொல்பவர்கள் எல்லாம் நேரம் தப்பிப் போனவர்கள்.

மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் உள்ள நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடும். அந்த நேரமும் பெருமழையும் ஒன்றாகச் சேர்ந்தால் தண்ணீர் கடலுக்குள் வடியாமல் தெருவில் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் அலுவலகத்தில் சீக்கிரம் விட்டால் உடனே கிளம்புங்கள், இல்லையென்றால் அங்கேயே தங்கிவிடுங்கள். பாதி வழியில் மாட்டுவதுதான் ஆபத்து. மெரைன் டிரைவில் கிடக்கும் நாலுகால் சிமெண்ட் கற்கள் மீது படம் எடுக்க இறங்காதீர்கள். பாசி பிடித்து வழுக்கும், நடுவில் விழுந்தால் தூக்குவது மிகக் கடினம். மழை மாதங்களில் ஜூஹுவில் நீல நிறக் குமிழிபோல ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லிமீன் போன்ற உயிர்களைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடுமையாகக் கொட்டும்.

சாப்பாடு, மீன்

‘நல்ல இட்லி கிடைக்காது’ என்று நாக்கைக் கட்டிப்போட்டு உட்காராதீர்கள். மத்திய பாதையில் மாட்டுங்கா என்று ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கினால் வாழையிலை, முருங்கைக்காய், கட்டிய மல்லிகைச் சரம், புதிதாக அரைத்த காபிப்பொடி எல்லாம் தெருவிலேயே கிடைக்கும். ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942 முதல் இலை போட்டுச் சாப்பாடு போடுகிறது. அதே சமயம் தினமும் நம்மூர்ச் சாப்பாடே வேண்டும் என்று மாட்டுங்காவுக்கு அலைவதும் சரியில்லை. வடாபாவும், இரானிக் கடையில் பன் மஸ்காவும் டீயும்தான் இந்த ஊரின் அன்றாடம். விலையும் நம் கைக்குள் இருக்கிறது.

மீன் வாங்குபவர்கள் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவது எனக்கு வருத்தமான விஷயம். கோலி மீனவப் பெண்கள் நகரம் முழுக்கச் சந்தைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வஞ்சிரத்துக்கு இங்கே சுர்மை, வவ்வாலுக்கு பாப்லெட், அயிலைக்கு பாங்டா. எப்போதும் சுர்மையும் பாப்லெட்டுமே கேட்டால் பணம் கரையும். பாங்டாவும் மாந்தேலியும் விலை குறைவு, சுவைக்குக் குறைவில்லை. நம் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கும். இங்கே விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலையில் தடை. அந்த மாதங்களில் இங்கே யாரிடமும் ‘கடல் மீனா, ஃப்ரெஷ்ஷா?’ என்று கேட்டு ஏமாற வேண்டாம், கருவாடு வாங்குங்கள். வெர்சோவாவில் மூங்கில் கட்டி வரிசையாக பொம்பில் என்ற மீனைக் காயப்போட்டு எடுத்த கருவாடு அப்போதுதான் கைகொடுக்கும்.

கலை நிகழ்ச்சி பணக்காரர்களுக்கு என்று ஒதுங்குவது

ஜஹாங்கீர் ஓவியக்கூடம் 1952இல் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும் காலா கோடா கலைவிழாவுக்கும் இல்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருக்கும் ஷண்முகானந்தா அரங்கம் நம் ஆட்கள் 1952இல் தொடங்கிய சபையின் அரங்கம், கச்சேரி கேட்கச் சென்னை டிசம்பருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஜூஹுவில் 1978 முதல் இயங்கும் பிருத்வி தியேட்டரில் நாடகம் பார்க்கப் போனால் ஒன்று மட்டும்: மணி அடித்துக் கதவை மூடிவிட்டால் டிக்கெட் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

யாரோடும் பேசாமல் இருப்பது

காதில் கருவியை மாட்டிக்கொண்டு போனால் இந்த ஊர் நம்மை எதுவும் கேட்காது, நாமும் எதையும் தெரிந்துகொள்ள மாட்டோம். நாலு வார்த்தை மராத்தி பேசுங்கள். மீன்காரப் பெண்ணை மாவ்ஷி என்று கூப்பிட்டால் சித்தி முறை. ‘கஸே திலே?’ என்று விலை கேட்டால் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆளுக்கு ஒரு விளிம்பு ஒதுக்குவது இங்கே வழக்கம். கேட்டால் தருவார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது யாராவது கேட்டால் நகர்ந்து கொடுங்கள். ஒரே வண்டியில் தினமும் போகும் ஆட்களிடமிருந்துதான் எனக்கு நல்ல பல் மருத்துவரும், குறைந்த முன்பணத்தில் வீடும் கிடைத்தது.

மழைக்காலம் நாலு மாதத்தையும் வீட்டுக்குள் கழிப்பது

பெருமழை எச்சரிக்கை உள்ள நாட்களை விட்டுவிடுங்கள். மற்ற நாட்களில்தான் போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டும். நூறு சதுர கிலோமீட்டர் காடு, சிறுத்தைகள் வாழும் காடு, லோக்கல் ரயிலில் இறங்கி நடந்து போகும் தூரத்தில். உள்ளே கான்ஹேரியில் பாறையைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். பிக்குகள் மழைநீரைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோகப் பாறையில் வெட்டிய வாய்க்கால்கள் கோடையில் வெறும் கீறல்களாகத் தெரியும். ஆகஸ்டில் போய்ப் பாருங்கள், அவற்றில் தண்ணீர் ஓடும், தொட்டிகள் நிறைந்திருக்கும். வழுக்காத செருப்பும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.