எக்ஸ்ப்ளாய்ட் நின்றுவிட்டது, ஓட்டை அடைபட்டதா? கெர்னல் பேட்ச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். கூடவே வந்த எக்ஸ்ப்ளாய்ட்டை (ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கும் கோடை) ஓட்டிப் பார்க்கிறோம், எந்த வரியில் கெர்னல் விழுகிறது என்று கண்டுபிடிக்கிறோம், அந்த வரிக்கு மேலே ஒரு இஃப் போடுகிறோம், மறுபடி ஓட்டுகிறோம், விழவில்லை, சரி, பேட்ச்சை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நானும் இப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் எக்ஸ்ப்ளாய்ட் என்பது அந்த ஓட்டைக்குள் நுழைய யாரோ ஒருவர் கண்டுபிடித்த ஒரு வழி, அவ்வளவுதான். அந்த வழியில் முள்ளை வெட்டிப் போட்டால் பக்கத்து வழியில் வருவார்கள்.

டர்ட்டி கவ் என்ற லினக்ஸ் ஓட்டை பலருக்கும் நினைவிருக்கும். 2016 அக்டோபரில் வெளியே தெரிந்தது, ஆனால் 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.22-லிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு ஃபைலை, எழுதினால் தனி நகலில் விழும்படி மெமரியில் பிரைவேட்டாக மேப் செய்துவிட்டு, ஒரு த்ரெட் அதில் எழுதிக்கொண்டே இருக்கும், இன்னொரு த்ரெட் மேட்வைஸ் (இந்த மெமரி இப்போது வேண்டாம் என்று கெர்னலுக்குச் சொல்லும் அழைப்பு) கொடுத்து, கெர்னல் எடுத்து வைத்த நகலைத் தூக்கி எறிந்துகொண்டே இருக்கும். நேரம் சரியாக அமைந்தால் நகலில் விழ வேண்டிய எழுத்து அசல் ஃபைலின் மெமரிப் பக்கத்திலேயே (பேஜ்) விழுந்துவிடும். ஏனென்றால் நகல் எடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில், இது எழுதுவதற்காகக் கேட்கப்பட்டது என்று சொல்லும் ஃபிளாக்கையே கழற்றிவிட்டுத்தான் கெர்னல் பக்கத்தை மறுபடி தேடியது. இதே பக்கை (பிழையை) 11 ஆண்டுகளுக்கு முன்பே தானே சரிசெய்ய முயன்றதாகவும், ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் சிக்கல் வந்ததால் அது திரும்பப் பெறப்பட்டதாகவும் 2016 திருத்தத்தின் குறிப்பில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே எழுதியிருக்கிறார். ஒரு ஆர்க்கிடெக்சரில் (ப்ராசசர் வகையில்) உடைகிறது என்று பாதுகாப்புத் திருத்தத்தைத் திரும்ப எடுப்பதில் தவறில்லை. அதற்கு மாற்று உள்ளே போகிறவரை அந்த ஓட்டை திறந்தே இருக்கிறது என்று எங்காவது எழுதி வைக்காமல் விடுவதுதான் தவறு.

கதை அதோடும் முடியவில்லை. புதிய திருத்தம், நகல் எடுத்தாயிற்று என்பதை ஒரு தனி ஃபிளாக்கில் குறித்து வைத்து, பக்கத்தில் எழுதப்பட்டதா என்று காட்டும் டர்ட்டி பிட்டையும் சேர்த்துப் பார்த்தது. சாதாரணப் பக்கங்களுக்கு இது சரி. மிகப்பெரிய பக்கங்களைக் கையாளும் கோடில் மட்டும், எழுதாமல் வெறுமனே தொட்டாலே டர்ட்டி பிட் விழுந்துவிடும் ஒரு பாதை இருந்தது. 2017 நவம்பரில் ஹியூஜ் டர்ட்டி கவ் என்று அதற்கும் ஒரு சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) வந்தது. பாதிப்பு முதல் ஓட்டை அளவுக்கு இல்லைதான். ஆனாலும் ஒரு அனுமானத்தின் மேல் பேட்ச் எழுதினால், அந்த அனுமானத்தை உடைக்கக்கூடிய எல்லா இடங்களையும் கிரெப் போட்டுத் தேடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதே ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவர்கள், அதைக் காப்பியடித்து எழுதப்பட்ட டிரைவர்கள், 32 பிட் புரோகிராம்களுக்கான கம்பாட் பாதை, இவையெல்லாம் வழக்கமாக விட்டுப்போகிறவை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் ஓட்டைக்காக விண்டோஸ் 7-இன் 64 பிட் பதிப்புக்கு வந்த பேட்ச், எந்த மெமரி எங்கே, யாருக்கு அனுமதி என்று குறித்து வைக்கும் பேஜ் டேபிளின் மேல்மட்டத்தில் தன்னையே சுட்டும் ஒரு என்ட்ரியில், சாதாரண ப்ராசஸும் தொடலாம் என்று சொல்லும் யூசர் பிட்டைப் போட்டுவிட்டது. பேஜ் டேபிள்களே சாதாரண ப்ராசஸின் கையில் வந்துவிட்டன, அப்புறம் என்ன, மெமரி முழுவதையும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். மெல்ட்டவுனுக்காவது கேஷ் நேரத்தை அளந்து ஒவ்வொரு பைட்டாகக் கறக்க வேண்டும், இதற்கு அந்தப் பாடு எதுவும் இல்லை. பாதுகாப்பு ஆய்வாளர் உல்ஃப் ஃபிரிஸ்க் கண்டுபிடித்து டோட்டல் மெல்ட்டவுன் என்று பெயர் வைத்த இது மார்ச்சில் அடைக்கப்பட்டது. அவசரம் புரிகிறது. ஆனால் பேஜ் டேபிள் மாதிரியான இடத்தில் கை வைக்கும் பேட்ச்சுக்கு, தாக்குதல் நின்றதா என்ற டெஸ்ட் மட்டும் போதாது. அனுமதி பிட்டுகள் பேட்ச்சுக்கு முன்பு எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்று இரண்டையும் டம்ப் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரிய வேலை ஒன்றும் இல்லை.

சரி, அந்த இஃப்புக்கே வருவோம், ஏனென்றால் அதையே தப்பாக எழுதுவதுதான் ரொம்ப சகஜம். 2022 ஜனவரியில் லினக்ஸின் ஃபைல்சிஸ்டம் மவுன்ட் கோடில் ஒரு ஓட்டை அடைக்கப்பட்டது. பழைய கோடில் செக் இல்லாமல் இல்லை. ஒரு பக்கத்தின் அளவான 4096-லிருந்து 2-ஐயும் ஏற்கெனவே நிரம்பிய அளவையும் கழித்து, வரும் நீளம் அதைவிட அதிகமா என்று பார்த்தது. எல்லாம் அன்சைன்ட் எண்கள். நிரம்பியது 4095 ஆகிவிட்டால் கழித்தல் மைனஸுக்குப் போகாமல் பிரம்மாண்டமான எண்ணாக மாறிவிடும், அதற்குமேல் எவ்வளவு நீளம் கேட்டாலும் இடம் இருக்கிறது என்றே பதில் வரும். திருத்தம் கழித்தலைக் கூட்டலாக மாற்றியது, ஒரே வரி. கூட்டலும் நிரம்பி வழியும் என்ற சந்தேகம் இருந்தால் அதற்கென்றே இருக்கும் செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ போன்றவற்றைப் பயன்படுத்துங்கள், கையால் எழுதாதீர்கள்.

செக்கைப் போடும் இடமும் முக்கியம். 2009-இல் லினக்ஸின் டன் டிரைவரில் (மென்பொருளே உருவாக்கும் நெட்வொர்க் இணைப்புக்கானது) இருந்த கோட், பாயின்டருக்குள் போய் ஒரு மதிப்பை எடுத்துவிட்டு அப்புறம்தான் அது எதையும் சுட்டாத நல் பாயின்டரா என்று பார்த்தது. ஏற்கெனவே உள்ளே போய் எடுத்தாயிற்று, அப்படியென்றால் நல் பாயின்டராக இருக்கவே முடியாது என்று கம்பைலர் அந்தச் செக்கையே தூக்கிவிட்டது. கோடில் இருக்கிறது, பைனரியில் இல்லை! அதன் பிறகுதான் இந்த வகைச் செக்குகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ஆப்ஷனோடு லினக்ஸ் கெர்னலைக் கட்டத் தொடங்கினார்கள். இதன் தம்பி ஒருவன் உண்டு: யூசர் மெமரியிலிருந்து நீளத்தை ஒருமுறை காப்பி எடுத்துச் சரிபார்த்துவிட்டு, முழு ஸ்ட்ரக்சரையும் காப்பி எடுக்கும்போது அதே நீளத்தை மறுபடி அங்கிருந்தே எடுப்பது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் அதை மாற்றிவிட்டால் நீங்கள் செய்த சரிபார்ப்பு வீண்.

விடுவித்த மெமரியைத் தொடும் பக் வந்தால், மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீக்கு அடுத்த வரியில் பாயின்டரை நல் ஆக்குவார்கள். அந்த ஒரு பாயின்டர் நல் ஆகும். அதே ஆப்ஜெக்ட்டை லிஸ்ட்டில், டைமரில், ஒர்க்க்யூவில் பிடித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு யார் சொல்வது? கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆப்ஜெக்ட் யாருக்குச் சொந்தம், கடைசியாக விடுகிறவர் யார் என்பது. பதில் தெரியாமல் ஒரு லாக்கைச் சேர்த்தால் ரேஸ் (த்ரெட்கள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழை) போகாது, அதற்கான நேர ஜன்னல்தான் கொஞ்சம் சுருங்கும், எக்ஸ்ப்ளாய்ட் எழுதியவர் இன்னும் நான்கு த்ரெட் சேர்த்து அதை அகலப்படுத்திக்கொள்வார். போதாததற்கு, பிடித்தவர் தூங்கக்கூடாத ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி தூங்கக்கூடிய ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் புது வம்பையும் இழுத்து வைத்திருப்போம். லாக் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப்பையும், தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிக்கும் டீபக்_அடாமிக்_ஸ்லீப்பையும் ஆன் செய்து ஓட்டினால் இதில் பாதி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பக்_ஆன் (நிபந்தனை உண்மையானால் கெர்னலையே விழவைப்பது) போட்டு நிறுத்திவிடலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். சாதாரண யூசரால் அந்த வரியை எட்ட முடியும் என்றால், ரூட் (முழு நிர்வாக அதிகாரம்) எடுக்கும் ஓட்டையை மெஷினைக் கவிழ்க்கும் ஓட்டையாக மாற்றியிருக்கிறீர்கள். எச்சரிக்கை மட்டும் எழுதும் வார்ன்_ஆனும், எச்சரிக்கை வந்தாலே விழவைக்கும் பேனிக் ஆன் வார்ன் வைத்திருக்கும் மெஷின்களில் அதே வேலையைத்தான் செய்யும். எரர் திருப்பி அனுப்புங்கள், போதும்.

இது சும்மா பக், பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்று ஒதுக்குவதைப் பற்றிச் சொல்ல டர்ட்டி பைப் என்ற ஓட்டையை விட நல்ல உதாரணம் இல்லை. 2016-இல் லினக்ஸ் 4.9-இல் நுழைந்த கோட், ப்ராசஸ்களுக்கு இடையே தரவைக் கடத்தும் பைப்பின் பஃபரில் இருந்த ஃபிளாக்கை ஆரம்ப மதிப்பு கொடுக்காமலே விட்டது. அன்றைக்கு அதனால் ஆபத்து இல்லை. 2020-இல் 5.8-இல் வேறு யாரோ நல்ல எண்ணத்தில் பைப் கோடைச் சீரமைத்தபோது, இந்தப் பஃபரில் இருக்கும் பக்கத்தோடு சேர்த்து எழுதலாம் என்று சொல்லும் ஒரு ஃபிளாக் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், பழைய குப்பை மதிப்பு அந்த ஃபிளாக்காக இருந்துவிட்டால், படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலில் எழுதலாம். மாக்ஸ் கெல்லர்மேன் என்ற புரோகிராமர் இதைப் பிடித்தது பாதுகாப்புச் சோதனையில்கூட இல்லை, சுருக்கி வைத்த லாக் ஃபைல்கள் அவ்வப்போது கெட்டுப்போவது ஏன் என்று தேடிப் போய்த்தான். திருத்தம், ஃபிளாக்கைப் பூஜ்யம் ஆக்கும் இரண்டே வரி.

பேட்ச் சரியாக இருந்தும் போய்ச் சேராமல் இருப்பது தனிக் கொடுமை. ஆண்ட்ராய்டில் ப்ராசஸ்கள் பேசிக்கொள்ள உதவும் பைண்டர் டிரைவரில் விடுவித்த மெமரியைத் தொடும் ஒரு பக்கை 2017 நவம்பரில், கெர்னலைத் தானாகவே சோதிக்கும் சிஸ்பாட் கண்டுபிடித்தது, 2018 பிப்ரவரியில் லினக்ஸில் அடைத்தார்கள், சிவிஇ எண் வாங்கவில்லை. ஏற்கெனவே விற்பனையில் இருந்த பல ஃபோன்களின் கெர்னலுக்கு அது போகவே இல்லை. 2019-இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோ, அதை வைத்துத் தாக்குதல் நடப்பதாகத் தகவல் கிடைத்துத் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது, அக்டோபரில்தான் ஆண்ட்ராய்டு அப்டேட்டில் சேர்ந்தது. அதனால் காமிட்டில், பிழை எந்தக் காமிட்டில் வந்தது என்று சொல்லும் ஃபிக்சஸ் டேகையும், பராமரிக்கப்படும் பழைய பதிப்புகளான ஸ்டேபிளுக்கு அனுப்பும் வரியையும் விடாதீர்கள். பழைய பதிப்புக்குப் பேக்போர்ட் செய்யும்போது கான்ஃபிளிக்ட் வராமல் பேட்ச் ஒட்டிக்கொண்டதே என்று சந்தோஷப்படுவதும் ஆபத்து. பழைய கிளையில் அதற்கு அடிப்படையான இன்னொரு காமிட் இல்லாமல் இருக்கலாம், உங்கள் வரிகள் கம்பைல் ஆகும், ஆனால் யாரும் அவற்றைக் கூப்பிட மாட்டார்கள்.

அதனால் டெஸ்ட் செய்யும்போது, திருத்தாத கெர்னலில் ரீப்ரொட்யூசர் (பிழையை மறுபடி வரவழைக்கும் கோட்) நிஜமாகவே விழவைக்கிறதா என்று ஒவ்வொரு கிளையிலும் முதலில் பாருங்கள். அங்கேயே விழாத ஒன்று, திருத்திய பிறகும் விழவில்லை என்பதற்கு என்ன மதிப்பு? மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசான் போட்டுக் கட்டிய கெர்னலில் ஓட்டுங்கள், ரேஸ் என்றால் ஒரு தடவை ஓட்டிவிட்டு எழுந்து போகாமல் பல கோர்களில் மணிக்கணக்கில் விடுங்கள்.

கடைசியாக, மெஷினைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு. பேக்கேஜ் அப்டேட் ஆகிவிட்டது என்றால் புதிய கெர்னல் டிஸ்க்கில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், ரீபூட் செய்கிறவரை (ஓடும்போதே திருத்தும் லைவ்பேட்ச் இருந்தால் தவிர) ஓடுவது பழையதுதான். அதேபோல யுநேம் கமாண்ட் காட்டும் கெர்னல் பதிப்பு எண்ணைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். டர்ட்டி பைப்புக்கான திருத்தம் 5.16.11, 5.15.25, 5.10.102 மூன்றிலும் வந்தது, டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) அதற்கும் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு. அந்த டிஸ்ட்ரோவின் சேஞ்ச்லாகில் சிவிஇ எண்ணைத் தேடிப் பாருங்கள், அங்கே இருந்தால் இருக்கிறது.