உங்களைப் பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் 13 வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, அவரவர் வாழ்க்கை, ரசனை, பொழுதுபோக்கு, எது அவர்களை இந்த வேலைக்கு இழுத்து வந்தது என்பதையெல்லாம் சொல்லச் சொல்வோம். அதை நடத்துவது என் பொறுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை 12 பேர். நான்காவதாக எழுந்த தம்பி நன்றாகத்தான் பேசினான். கேட்டவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் செய்த தவறை அவன் அப்படியே செய்துகொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

குரல் நடுங்குவது, தரையைப் பார்த்துப் பேசுவது, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பது, இதெல்லாம் பேசப் பேசச் சரியாகிவிடும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பிறந்த நாளிலிருந்து தொடங்குவது

“நான் பிறந்தது இந்த வருடம், படித்தது இந்தப் பள்ளி, அப்புறம் கல்லூரி, அப்புறம் வேலை.” பத்தில் ஏழு பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வரிசையாகச் சொன்னால் எதுவும் விட்டுப்போகாது என்ற தைரியம். ஆனால் கேட்பவர்களுக்கு அந்த வரிசை தேவையே இல்லை. முதலில் காதில் விழுவதுதான் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் சாயம் ஏற்றுகிறது.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இதே வரிசையில் வாசித்தார், இன்னொரு குழுவுக்குத் தலைகீழாக. முதல் குழு அவரைத் திறமைசாலி, சில குறைகள் உண்டு, பரவாயில்லை என்றது. இரண்டாவது குழுவுக்கு அதே மனிதர் சிக்கல் பிடித்தவராகத் தெரிந்தார். சொற்கள் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

அதனால் நான் புதியவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: போன வாரம் எதில் நேரம் போனதே தெரியாமல் இருந்தீர்கள்? அங்கிருந்து ஆரம்பியுங்கள். பிறந்த ஊரும் படித்த படிப்பும் தேவைப்பட்டால் நடுவில் தானாக வந்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பெயர். எல்லாரும் பெயரை முதல் மூச்சிலேயே விழுங்கிவிடுகிறார்கள். பெயர் என்பது மனதில் நிற்பதற்கே கஷ்டமான விஷயம். 1987இல் வெளிவந்த ஒரு சோதனையில், முகத்தைக் காட்டி ஒரு சொல்லைத் தொழிலாகச் சொன்னபோது நினைவில் நின்றது, அதே சொல்லைக் குடும்பப் பெயராகச் சொன்னபோது நழுவிப் போனது. தொழிலைச் சொன்னால் மனதில் ஒரு காட்சி வருகிறது, பெயரைச் சொன்னால் ஒன்றும் வருவதில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை, முடிக்கும்போது இன்னொரு முறை, நிறுத்திச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரசனையைச் சாமான் பட்டியல் மாதிரி வாசிப்பது

“இசை கேட்பேன், புத்தகம் படிப்பேன், பயணம் பிடிக்கும்.” இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரும் இதையேதான் சொல்லப் போகிறார்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு அம்மா எனக்கு இன்னும் நினைவிருக்கிறார். “ஓடாமல் நின்றுபோன கடிகாரம் ஒன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும், இல்லையா?” என்றுதான் ஆரம்பித்தார். எல்லாரும் தலையாட்டினோம். “நான் அதை வாங்கிப் பிரிப்பேன்” என்றார். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றுகிற திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே வட்டமாக அடுக்குவாராம், மணி ஒன்று, மணி இரண்டு என்று. ஊசல் கடிகாரம் தாமதமாக ஓடினால் குண்டுக்குக் கீழே இருக்கும் மரையைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும் என்றார். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு நொடி ஆகும் என்று கையை ஆட்டிக் காட்டினார். ஒரே ஒரு பொழுதுபோக்கைத்தான் சொன்னார். ஆனால் அவருடைய பொறுமை, சுத்தம், ஆர்வம் எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. “நான் பொறுமைசாலி” என்று அவர் சொல்லவே இல்லை.

அவர் எல்லாருக்கும் தெரிந்த அலமாரியிலிருந்து ஆரம்பித்தார் என்பதையும் கவனியுங்கள். கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிலும் புதிய அனுபவத்தைவிடத் தங்களுக்கும் பழக்கமான ஒன்றைப் பற்றிக் கேட்பதையே மனிதர்கள் அதிகம் ரசிக்கிறார்கள் என்று கண்டார்கள். பேசுகிறவர்களோ இதற்கு நேர்மாறாக எதிர்பார்க்கிறார்கள். அபூர்வமான பொழுதுபோக்கு உள்ளவர்கள் ஒரு தெரிந்த வாசலைத் திறந்துவிட்டு உள்ளே கூட்டிப்போவது நல்லது.

கொள்கையைச் சொல்வதாக நினைத்து அடுத்தவர் வாழ்க்கையைச் சொல்வது

என்னை எழுத வைத்தது இதுதான்.

நான் சேர்ந்து நான்காவது வருடம். குழுவுக்கு உதவி செய்கிறவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் என்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் ஏன் இந்த வேலையைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். என்னிடம் படித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கதையைச் சொன்னேன். சின்ன வயதில் படிப்பு ஏன் நின்றது, கையெழுத்துப் போடத் தெரியாததால் எதை இழந்தார், வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும். பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாததால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன். அரங்கம் அமைதியாகிவிட்டது. கைதட்டினார்கள். என்னை நல்ல மனுஷி என்றார்கள்.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்த அம்மாவைத் தெரியும். வயது, வேலை, பிள்ளைகள் எத்தனை என்று நான் அடுக்கிய விவரங்களே போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் அந்த அம்மா வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவருடைய இரட்டைக் கோடு நோட்டு என்னிடம் இருந்தது. தன் பெயரை ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்து, மகள் பெயரை ஆரம்பித்து, இரண்டாவது எழுத்தோடு நின்றிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கேட்டார்: “டீச்சர், அதை உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?”

அவர் திரும்பி வரவே இல்லை. அந்தக் கதை என்ன என்பதை இங்கேயும் நான் சொல்லப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி செய்ததும் இதுவேதான். இரண்டு வாரம் வகுப்பில் பார்த்த ஒருவரின் கஷ்டத்தை எடுத்துத் தன் அறிமுகமாக்கிக்கொண்டான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. எனக்கும் அன்றைக்கு இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்வதால்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கிறது, யாரும் தடுப்பதும் இல்லை. கைதட்டல் வேறு கிடைத்துவிடுகிறது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரமாக இருக்கிறது.

இதற்கு ஏன் இத்தனை பலம் என்பதும் தெரிந்த விஷயம்தான். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், லட்சக்கணக்கானவர்களின் பசியைப் புள்ளிவிவரமாகச் சொன்னபோது கிடைத்ததைவிட, ஒரே ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னபோது அதிக நன்கொடை கிடைத்தது. ஒரு முகம் மனதைத் தொடும். சரி, ஆனால் அந்த முகம் உங்களுடையது இல்லையே. நீங்கள் மனதைத் தொடுவதற்காக அவர் ஏன் தன் மானத்தைக் கொடுக்க வேண்டும்?

“அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லலாமே” என்பார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் உங்களிடம் படிக்கிறவர், உங்களிடம் உதவி பெறுகிறவர், உங்கள் முகத்துக்கு நேராக “வேண்டாம்” என்று சொல்வது எத்தனை கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்த அம்மா சரி என்றுதான் சொல்லியிருப்பார். அப்போதும் அது தவறாகத்தான் இருந்திருக்கும்.

வகுப்பில் சந்தித்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்காதீர்கள். அம்மாவின் நோய், தம்பியின் குடிப்பழக்கம், அக்காவின் விவாகரத்து, இவையெல்லாம் உங்கள் வாழ்க்கையையும் புரட்டிப் போட்டிருக்கும். அதில் உங்கள் பங்கை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், அவர்கள் பங்கு அவர்களுடையது.

இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நம் மொழியே இதற்கு உதவுகிறது. பேசப்போவதை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கும் அடியில் கோடு போடுங்கள். “போனேன், கேட்டேன், தோற்றேன், கற்றுக்கொண்டேன்” என்று ‘ஏன்’ விகுதியில் முடிகிறதா, அல்லது “அழுதார், பட்டார், இழந்தார்” என்று ‘ஆர்’ விகுதியில் முடிகிறதா? ஆர், ஆர் என்று வரிசையாக வந்தால் நீங்கள் சொல்வது உங்கள் அறிமுகம் இல்லை. என்னுடைய அந்த ஐந்து நிமிடப் பேச்சின் தாள் இன்னும் இருக்கிறது. முப்பது வாக்கியத்தில் நான்கில்தான் நான் இருந்தேன்.

கொள்கையைப் பாடமாக எடுப்பது

மேலே சொன்னதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. ரத்ததானத்தில் ஈடுபாடு உள்ள ஒருவர், ரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர், அவர் பிறந்த ஜூன் 14ஐத்தான் உலக ரத்ததான தினமாகக் கொண்டாடுகிறோம், அது 2004இல் தொடங்கியது என்று நான்கு நிமிடம் பேசினார். அத்தனையும் உண்மை. அவர் யார் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. முதல் தடவை ஊசியைப் பார்த்துப் பயந்து எழுந்து வந்துவிட்டு, மறுவாரம் திரும்பிப் போனதை அவர் வெளியே வரும்போதுதான் என்னிடம் சொன்னார். அதைத்தான் உள்ளே சொல்லியிருக்க வேண்டும்.

பணிவு போலப் பெருமை பேசுவது

“என்னால் சும்மா இருக்கவே முடியாது, அதுதான் என் குறை.” வேண்டாம். பெருமைப்பட ஏதாவது இருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள். ஓவுல் செசர் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நேரடிப் பெருமையைவிட இந்த மறைமுகப் பெருமைக்குத்தான் கேட்பவர்களிடம் மதிப்பு குறைந்தது.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டுவது

உங்கள் சொந்த வலி உங்களுடையதுதான், சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். அறிமுகமில்லாத இருவரை நெருக்கமாக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழுவினர் 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற 36 கேள்விகள் கூட லேசான கேள்வியில்தான் தொடங்குகின்றன. முக்கால் மணி நேரத்தில் படிப்படியாகத்தான் ஆழமாகப் போகின்றன. ஒருவர் சொல்ல, மற்றவரும் சொல்ல, அப்படித்தான் நெருக்கம் வளர்கிறது. வட்டத்தில் அந்தப் பரிமாற்றம் இல்லை. நீங்கள் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அடுத்தவர் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பார்.

தன் முறை வரும்வரை காதை மூடிக்கொள்வது

கூடி உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொற்களை வாசித்த ஒரு சோதனையை மால்கம் பிரென்னர் 1973இல் வெளியிட்டார். தன் முறைக்குச் சற்று முன் வாசிக்கப்பட்ட சொற்கள்தான் அவரவருக்குக் குறைவாக நினைவில் நின்றன. மனம் தன் பேச்சை ஒத்திகை பார்க்கப் போய்விடுகிறது. உங்களுக்கு முன் பேசியவருடைய பெயரைக் கூட்டம் முடிந்ததும் போய் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

மனப்பாடம் செய்வது

முதல் வரியை மட்டும் செய்யுங்கள்.

நேரம் தாண்டுவது

இரண்டு நிமிடம் என்றால் ஒன்றரை நிமிடம்.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த அம்மாவின் நோட்டைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. “அப்போ நான் எதைத்தான் சொல்றது, அக்கா?” என்றான்.

“இந்த ரெண்டு வாரத்துல உனக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். ஒரு நாள் இவனையே பலகையில் ‘நண்பன்’ என்று எழுதிக் காட்டச் சொன்னபோது, ஒரே சொல்லில் மூன்று விதமான ன எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றிருக்கிறான். “தெரியல, பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொண்ணா சொல்லிப் பார்த்தேன். முதல் ந-வுக்கு நாக்கு பல்லைத் தொடுது, ண-வுக்கு மடங்கி மேலே போகுது. பதினாறு வருஷம் படிச்சிருக்கேன், ஒரு நாளும் கவனிச்சதில்லை.” சொல்லும்போதே நாக்கை மறுபடி மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

கேட்டவர் யார் என்று அவன் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஐந்து பேர் வருகிறார்கள். அவனையே முதலில் பேசச் சொல்லியிருக்கிறேன்.